கண்ணை மறைத்த முடி

கடைக்கு நான் வைத்த பெயர் ஒன்று, ஊர் கூப்பிடுவது வேறு. பலகையில் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலும், "நாய் சலூன் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. என் அண்ணனுக்கு மட்டும் அதில் ஒரே பெருமை. முப்பது வருஷம் மனிதர்களுக்கு முடி வெட்டியவன் அவன். "நம்ம குடும்பத்துல ரெண்டு சலூன். என் கஸ்டமருங்க வாய் ஓயாம பேசுவாங்க, உன் கஸ்டமருங்க கடிச்சதோட சரி. நீதான் குடுத்து வச்சவ" என்பான்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் நான்கு கார் நிற்கிற இடம், உள்ளே ஓர் அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை. இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி, ரப்பர் விரித்த இரண்டு மேஜை, ஈர நாயை உலர்த்த ஒரு ட்ரையர். அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. என்னோடு வேலை செய்கிறவள் எட்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ட்ரையர் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவாள். அவள் ரகசியம் சொன்னால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார். அவளுக்கு மைக் என்று பெயர் வைத்தது நான்தான். கல்யாண வயதில் பெண் இருக்கிறவள், ஆனாலும் கோபித்துக்கொள்ளவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. அன்றைக்குக் குளிக்க வருகிற நாய்களின் கூலி முழுவதும் யாராவது ஒருவருக்குப் போகும். இந்த மாதம் யாருக்கு என்று வாசல் கரும்பலகையில் எழுதி வைப்பேன். நூலகத்துக் கூரை, முதியோர் இல்லத்துக் கட்டில்கள், தெருமுனைக் கிளினிக்குக்கு ஆக்சிஜன் மெஷின் என்று மாதத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் பெரிய மனது வைத்து ஆரம்பித்த காரியமில்லை. கடை திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். தர்ம காரியம் என்று எழுதிப் போட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று மைக்தான் சொன்னாள். வந்தார்கள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நல்ல பெயர் எடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவது போலத் தொல்லை வேறில்லை.

அதே சனிக்கிழமை மதியம் நாய்க் காப்பகத்திலிருந்து ஏழெட்டு நாய்களைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்துவார்கள். காலையிலேயே நாங்கள் அவற்றைக் காசு வாங்காமல் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, முடி வெட்டித் தயார் செய்துவிடுவோம். பிடித்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அழுக்கும் சிக்குமாக மூன்று மாதம் கிடந்த நாய், எங்கள் மேஜையிலிருந்து இறங்கின அரை மணியில் வீடு தேடிக்கொண்டு போய்விடும். காப்பகத்து டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க கையில என்னமோ இருக்கு" என்பார்.

கையில் ஒன்றுமில்லை. கண்ணில்தான் இருக்கிறது. நாய் எடுக்க வருகிறவர்கள் ஜாதி, வயது, நிறம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வருவார்கள். கடைசியில் எது அவர்களை நிமிர்ந்து பார்க்கிறதோ அதைத்தான் கூட்டிப் போவார்கள். அதனால் நான் முகத்தில்தான் அதிக நேரம் செலவழிப்பேன். புருவ முடியைக் குறைத்து, மூக்கின் இரண்டு பக்கமும் சரித்து விட்டு, கண்ணுக்கு வெளிச்சம் படும்படி செய்துவிட்டால் போதும். இது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம். அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் அண்ணனின் மூச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் கல்யாணம் இரண்டே வருஷத்தில் முடிந்த கதை, அது இங்கே வேண்டாம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். நாலு வருஷத்துக்கு முன் அவனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. முப்பது வருஷமாகப் பவுடரும் ஸ்பிரேயும் பொடி முடியும் உள்ளே போனால் வேறென்ன ஆகும் என்று டாக்டர் எங்களையே திருப்பிக் கேட்டார். கடையை விற்றான். கத்தரிகளை விற்கவில்லை. இப்போது படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருக்கிறது. கிளினிக் அவனுக்குக் கடனாகக் கொடுத்தது. அதன் நெற்றியில் எங்கள் கடையின் பெயர் ஒட்டியிருக்கும். "நாய்ங்க குளிச்சுதுங்க, நான் மூச்சு விடுறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சிரிப்பான், ஆனால் ஒரு நாய் முடி அவன் பக்கத்தில் போகக் கூடாது. போனால் இழுப்பு வந்துவிடும். ஒரே ஒரு நாள் அவசரத்தில் கழுத்துத் துணியை மாற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து கடைக் குளியலறையில் தலைக்குக் குளித்து, செருப்பு முதல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறுவேன். ஏறினதும் முதல் கேள்வி தயாராக இருக்கும்.

"இன்னிக்கு யார் யார் வந்தாங்க?"

நான் சொல்ல வேண்டும். எந்த நாய் நகம் வெட்டும்போது மயக்கம் போட்டதுபோல் நடித்தது, எந்த நாயின் சொந்தக்காரர் நாயைவிட அதிகமாக அழுதார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல். நாய்ப் பைத்தியம் எனக்கு மட்டுமில்லை, அவனுக்கும்தான். ஆனால் அவனுக்கு வாய்த்தது என் வாயால் கேட்கிற நாய்கள் மட்டும்.

ஆறு மாதத்துக்கு முன் காப்பக வண்டியிலிருந்து வக்கீல் இறங்கினான். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்துக்குக் கீழே வெள்ளையாக இரண்டு பட்டை. பார்த்ததும் மைக் கத்தினாள், "ஐயோ, வக்கீல் வந்துட்டாருக்கா!" பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்து வயதிருக்கும். யாரோ வீட்டை மாற்றிக்கொண்டு போகும்போது கேட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற நாய்கள் மேஜையில் ஏறினால் ஒன்று நடுங்கும், இல்லையென்றால் இறங்கப் பார்க்கும். வக்கீல் ஏறி நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, தாடையை என் தோளில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான். கட்சிக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிற பொறுமை. நான் முதுகைச் சீவி முடிக்கிறவரை தாடையை எடுக்கவில்லை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எத்தனையோ ஆயிரம் நாய்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. எதையும் நான் எனக்கென்று கேட்டதில்லை. வக்கீலைக் கேட்டேன். வாய்விட்டு இல்லை, உள்ளுக்குள். இவன் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பசி மாதிரி, வயிற்றில் தோன்றியது. காலையில் இவன் மூஞ்சியில் விழிக்க வேண்டும், இவனைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும், நான் உட்கார்ந்தால் இவன் என் காலில் படுக்க வேண்டும். அவ்வளவு சின்ன ஆசை. அது நடக்க வழியே இல்லை.

கடையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ராத்திரி தனியாகப் பூட்டி வைக்கிற இடத்துக்கு நாயைக் கொடுக்க மாட்டோம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒருவர் கட்டிப் போட்டுவிட்டுப் போன நாய் அது. அவர் சொன்னது நியாயம்தான்.

அன்றைக்கு வக்கீலின் முகத்துக்கு வந்தபோது என் கத்தரி நின்றுவிட்டது. புருவ முடி கண் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதை எடுத்தால் இவன் சாயங்காலம் இருக்க மாட்டான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் அதை எடுக்கவில்லை. சிக்கில்லாமல் சீவி, கண்ணை மூடுகிற மாதிரி முன்னால் இழுத்து விட்டு, நுனியை மட்டும் ஒழுங்கு செய்தேன். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஸ்டைல் போல இருக்கும். மதியம் வந்தவர்கள் அவனைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த நாய்க்குப் போனார்கள். கண் மறைந்திருக்கிற முகத்திடம் யாருக்கும் பேச்சு வருவதில்லை.

அடுத்த மாதமும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் ஒரு மணி நேரம் அவன் தாடை என் தோளில் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக மாதத்தின் மற்ற நாட்களை ஓட்டினேன். "இவ்வளவு சாதுவான நாய், ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கன்னே புரியல" என்று டாக்டரம்மா என்னிடமே புலம்புவார். நானும் உச்சுக் கொட்டுவேன். ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற கடையின் சொந்தக்காரி.

காப்பகத்தில் ஒரு விதி உண்டு. இடம் போதாது, அதனால் ஆறு சனிக்கிழமை முகாமில் யாரும் எடுக்காத நாயைத் தொலைவிலுள்ள பெரிய காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நானூறு நாய்கள் இருக்கிற இடம். இந்தச் சனிக்கிழமை வக்கீலுக்கு ஆறாவது முகாம். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதற்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏதாவது என்பது என்ன என்று நான் என்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

கேட்டது அண்ணன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். வழக்கமான கேள்வி வரவில்லை. ஜன்னலோர நாற்காலியில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வா. இதப் பாரு."

காப்பகத்தின் பக்கம். மாதா மாதம் நாய்களின் போட்டோ போடுவார்கள். வக்கீலின் ஐந்து போட்டோக்களையும் வரிசையாக எடுத்து வைத்திருந்தான்.

"நல்லா இருக்கான்ல?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"நாய விடு. முடியப் பாரு. வெட்டாம விட்டிருந்தா அஞ்சு மாசத்துல மூக்கு வரைக்கும் வந்திருக்கணும். இது மாசா மாசம் கண்ணுக்குக் கீழ ஒரே அளவுல நிக்குது. முப்பது வருஷம் கத்தரி புடிச்சவன்கிட்டயா? இது தெரியாம விட்ட முடி இல்ல. தெரிஞ்சு வெட்டின முடி."

போனை என் பக்கம் திருப்பினான்.

"தினமும் வக்கீல் வக்கீல்னு உருகற. அவன் போட்டோவுல மட்டும் கண்ணு இல்ல. யாருக்காகடி ஒளிச்சு வச்சிருக்க?"

"எனக்காக" என்றேன்.

"சரி. எப்ப கூட்டிட்டு வர்றதா இருந்த?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவன் இந்த வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற வரை வக்கீல் இந்தப் படியேற முடியாது. அப்படியானால் ஐந்து மாதமாக நான் எதற்குக் காத்துக்கொண்டிருந்தேன்? எனக்கு உடம்பு கூசியது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், இருமல் வருகிறவரை.

"அட, மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கற? தப்பொண்ணும் இல்ல. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். கேளு, நான் எல்லாம் பேசிட்டேன். முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்கு. நாளைக்கு நாலு மணிக்கு வண்டி வருது. நீ முகாம முடிச்சுட்டு அவன இங்க கூட்டிட்டு வந்துரு."

"அண்ணா, என்ன பேசற?"

"அங்க ஆக்சிஜன் சுவத்துலயே வருதாம். இந்த மெஷின் விடற குறட்டைக்கு அது எவ்வளவோ தேவலை. கட்டில் கூட உன் நாய்ங்க குளிச்சு வாங்கிக் குடுத்ததுதான். எனக்கில்லாத உரிமையா?"

அந்த இல்லம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அதை அவன் சொல்லவில்லை.

ஒரு நொடி, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடிக்கு மேலேயே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னலோரம் வக்கீல் படுத்திருப்பது கண்ணில் தெரிந்தது. அண்ணனின் நாற்காலி இருக்கிற அதே இடத்தில். பிறகு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். நிறையப் பேசினேன், சாப்பாடு சரியாக இருக்காதே, மருந்து யார் கொடுப்பார்கள், உன் வாய்க்கு அங்கே சண்டை வருமே என்றெல்லாம். ஆனால் "போகாதே" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அண்ணனும் அதைக் கவனித்திருப்பான். பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை வாசலில் எட்டு மணிக்கே வரிசை. இந்த மாதம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு. நானும் மைக்கும் வாய் பேசாமல் வேலை பார்த்தோம், அதாவது நான் பேசவில்லை. காப்பகத்து நாய்களில் வக்கீலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். குளித்து, உலர்ந்து, மேஜையில் ஏறி, அதே பெருமூச்சு. தாடையை என் தோளில் வைத்தான்.

மைக் ட்ரையரை நிறுத்தினாள்.

"அக்கா, இன்னிக்கும் மூடித்தான் விடப் போறீங்களா?"

இதையும் அவள் தன் வழக்கமான குரலில்தான் கேட்டாள். நல்லவேளை, வாசலில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாவது மாசமே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் போவதையும், நான் போகாதே என்று சொல்லாததையும். மைக் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இன்னிக்கு ராத்திரி வக்கீலு உங்க வீட்டுல இருப்பான்" என்றாள். "புது எடம். எதையாவது பண்ணுவான். கண்ணாடியப் பாத்துக் குரைப்பான், உங்க தலகாணிய இழுத்துட்டுப் போவான். அத நாளைக்கு யார்கிட்ட சொல்லுவீங்க?"

"உன்கிட்ட."

"என்கிட்ட எதுக்கு? நான்தான் தினமும் எட்டு மணி நேரம் நாயோட கெடக்கறேனே. எனக்கு நாய்க் கதை கேட்டா வாந்தி வரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஐந்து மாதமும் வக்கீலை நான் ஆசைப்பட்டதெல்லாம் அண்ணனிடம் சொல்லித்தான். அவன் பெருமூச்சு, அவன் வெள்ளைப் பட்டை, அவன் தாடையின் பாரம், எல்லாம் சாயங்காலம் அந்த நாற்காலியின் எதிரில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் எனக்கே நடந்ததுபோல் இருக்கும். அந்த நாற்காலியைக் காலி செய்துவிட்டு இந்த நாயை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். நான் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் எடுக்கவில்லை.

கத்தரியை எடுத்தேன். இடது கையால் வக்கீலின் தாடையைத் தோளிலிருந்து தூக்கி நிமிர்த்தினேன். நெற்றி முடியைச் சீப்பால் வாரி, விரலிடுக்கில் பிடித்து, வெட்டினேன். மூன்று வெட்டு. பிறகு நுனிக் கத்தரியால் புருவத்துக்கு மேலே, கண்ணின் ஓரத்தில், மூக்கின் இரண்டு பக்கமும். எனக்குத் தெரிந்த வேலை முழுவதையும் அந்த முகத்தில் செய்தேன். தேன் நிறத்தில் கண்கள். ஐந்து மாதமாக நான் மூடி வைத்திருந்த இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன. அவன் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் அவனை வாசலில் நிறுத்தி இருபது நிமிஷம் கூட ஆகவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவியும் நேராக வந்து அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மாதமாக வந்து வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அவர்கள். வக்கீல் அந்த அம்மாளைப் பார்த்தான். அந்த அம்மாள் வக்கீலைப் பார்த்தார். முடிந்தது.

"இவன் புதுசா?" என்று அவர் என்னிடம் கேட்டார். "போன மாசம் நாங்க வந்தப்ப இல்லையே?"

"இருந்தான்" என்றேன்.

"எப்படிங்க பாக்காமப் போனோம்?"

"அது உங்க தப்பு இல்ல" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் திங்கட்கிழமை சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது வேறு.

கையெழுத்தெல்லாம் முடிய மூன்றரை ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் வேனின் பின்கதவைத் திறந்ததும் வக்கீல் திரும்பி வந்து, என் முன்னால் நின்று, மேஜை இல்லாததால் தாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தான். நான் மண்டியிட்டேன். தோளில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து நானே அவனை விலக்கி, வேனில் ஏற்றி, கதவைச் சாத்தினேன். வேறு யாராவது சாத்தட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேன் திரும்பி மறைந்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. செய்தால் வண்டி போய்விடும். "ஓடுங்கக்கா!" என்று மைக் கத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்க, ஐம்பத்திரண்டு வயதில், ஏப்ரனோடு ஓடினேன்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே இல்லத்து வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் அண்ணனின் பையைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க மாடியேறினேன். இரண்டாவது மாடியைத் தாண்டி, கடைசித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேலே ஒரு படி கூட ஏறக் கூடாது. என் உடம்பெல்லாம் வக்கீலின் முடி.

மேலே கதவு திறந்திருந்தது. அண்ணன் வெளியூர் போகிறவன் போல் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு நின்றிருந்தான். எங்களுக்கு நடுவில் பத்துப் படி.

"அங்கயே நில்லு!" என்றான். "இப்படியேவா ஓடி வந்த? நாய் எங்க?"

"குடுத்துட்டேன். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் போயிட்டான்."

அவன் முகம் மாறியது. "பைத்தியமாடி உனக்கு? நான் எதுக்குக் கெளம்பறேன்னு நெனச்ச? வண்டி வந்து நிக்குது, பையக் கூட ஏத்தியாச்சு. போய்க் கேட்டு வாங்கிட்டு வா!"

"மாட்டேன்."

"எனக்காகப் பாவம் பாத்துக் குடுத்தியா?"

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் எனக்கு வேணும். இப்பவும் வேணும், நாளைக்கும் வேணும். அந்த ஆசை எங்கயும் போகாது, போகவும் வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். அத வந்து சொல்றதுக்கு நீ இருக்கணும். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்றேன். போகாத அண்ணா."

படியில் நின்றபடி அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையில் இடமில்லை, கையெல்லாம் முடி. அவனால் இறங்கி வர முடியாது, என்னால் ஏறிப் போக முடியாது. அந்தப் பத்துப் படியை நான் வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை.

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை வாங்கி வாங்கி விட்டான். பிறகு என் தோளைப் பார்த்துக் கேட்டான்.

"அது அவன் முடியா?"

"ஆமா."

"கொஞ்சம் எடுத்துக் காட்டு. கிட்ட வராத. வெளிச்சத்துல புடி."

தோளிலிருந்து ஒரு கற்றையை எடுத்து, படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். முப்பது வருஷமும் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையையும் அப்படித்தான் பார்த்தான்.

"நல்ல முடி" என்றான். "அடர்த்தி. வேர்ல கறுப்பு, நுனியில செம்பட்டை. கத்தரி வச்சா வெண்ணெய் மாதிரி போகுமே?"

"போச்சு."

"அந்த அஞ்சு போட்டோவையும் ராத்திரி பகல்னு பாத்துட்டு இருந்தேன். நீ சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை புடிச்சுக்கிச்சு. ஒரே ஒரு தடவ அந்த முடிய நான் வெட்டிவிடணும்னு இருந்துச்சுடி. கை அப்படி அரிச்சுது." சிலிண்டர் இல்லாத கையை எனக்குக் காட்டினான். விரல்கள் கத்தரி பிடித்ததுபோல் திறந்து மூடின.

பிறகு மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"டிரைவர் தம்பி! பைய எறக்கிடுப்பா. நான் வரல."